ஊசி உடைந்த கோடு

திருப்பூர்

சுப்புலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். நிச்சயம் முடிந்து, அழைப்பிதழ் அடித்து, நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை நான். இதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எழுத வைத்தது உங்கள் பேட்டி. "கல்யாணத்திலிருந்து தப்பித்துத்தான் கண்ணாடிச் சிற்பத்துக்கு வந்தேன்" என்று சொல்லியிருந்தீர்கள். தப்பித்தேன் என்றால், யாரிடமிருந்து? புலியிடமிருந்தா? உங்களுக்கு அது பேட்டியில் ஒரு வரி. இங்கே அந்த மாப்பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரியும். போன வாரம் சேவூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், இலையில் உப்பு விழுவதற்குள் கேட்கிறார்: "ஏனுங்க மாப்ள, அந்தப் புள்ள தப்பிச்சு ஓடற அளவுக்கு நீங்க என்னதானுங்க பண்ணுனீங்க?" நான் என்ன செய்தேன்? நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை. அந்தச் சொல்லை இனிச் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மாமா கன்னையனையும் நான் மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு, "புள்ள மேல படிக்கோணும்ங்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நீங்கள் எனக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம். நானும் ஜவுளித் தொழில்நுட்பத்தில் முதுநிலை வரை படித்தவன்தான். படிப்பு ஆசை எனக்குப் புரியாதா?

கோபம் இருந்ததால்தான் உங்களைக் கவனித்து வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சிற்பம் படித்தது, பிரோசாபாத்தில் கண்ணாடி உலைக்கு முன்னால் நின்று வேலை கற்றது, செக் நாட்டுக்குப் போனது, பெங்களூருவில் சொந்தக் கூடம் போட்டது எல்லாம் தெரியும். கொச்சிக் கண்காட்சிக்கு நான் வந்திருந்தேன். நீங்கள் அங்கே இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். நூல் சுற்றும் கோன்களைக் கண்ணாடியில் வார்த்து ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தீர்கள். ஜன்னல் வெயில் பட்டதும் தரையெல்லாம் நூல் பிரிந்து ஓடியது போல வெளிச்சம் விழுந்தது. காவலாளி இரண்டு முறை நகரச் சொல்லும்வரை நின்றிருக்கிறேன். என் மனைவி கவிப்பிரியா எதையும் தவற விடமாட்டாள். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "கப்பல் காட்டறேன்னு கூட்டியாந்து, உங்கள வேண்டாம்னு சொன்னவீங்க செஞ்சதக் காட்டறீங்களாக்கும்? நல்லாத்தானுங்க இருக்குது. வாங்க, பசிக்குது" என்றாள்.

அந்தக் கண்காட்சி பற்றி ஓர் ஆங்கில நாளிதழ் உங்களைப் 'பெங்களூருக் கலைஞர்' என்று எழுதியது. ஆசிரியருக்குக் கடிதம் போட்டேன்: அவர் திருப்பூர் வேலம்பாளையத்துக்காரர், அவருடைய அப்பா அங்கே பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டியவர், திருத்தம் போடவும் என்று. போடவில்லை. அந்த ஆசிரியர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது முக்கியமான செய்தி. நான் குவாலிட்டி மேனேஜராக இருக்கும் கம்பெனிதான் புது அலுவலகத்துக்கு உங்கள் சிற்பத்தை வாங்கியிருக்கிறது. அனுப்பும்போது உங்களுக்கு இது தெரிந்திருக்காது. பெட்டியைப் பிரித்ததும் நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். கொடியில் உதறிப் போட்ட ஈரப் பனியன் துணி அப்படியே கண்ணாடியாக உறைந்து நிற்கிறது. மடிப்பு, சுருக்கம், கீழே சொட்டப் போவது போன்ற ஓரம். செக்கிங் சூப்பர்வைசர் வெள்ளையம்மாள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவர்தான் முதலில் கேட்டார்: "துவைச்சா சுருங்குமா சார்?"

பிறகு ஒரு கூத்து நடந்தது. எங்கள் இளைய முதலாளி நித்தீஷ், "உள்ள வர்ற எதுவா இருந்தாலும் செக் பண்ணாம எடுக்க வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செக்கிங் பெண்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். உங்கள் கண்ணாடிக்குள் இருந்த காற்றுக் குமிழி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். நித்தீஷ் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இத்தன ஃபால்ட்டுங்களா! ரிஜெக்ட் எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார், திருப்பி அனுப்பிரலாம்" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். போட்டிருந்தால், மறுநாளே உங்கள் வேலை குறை உள்ள சரக்கு என்ற பெயரோடு லாரி ஏறியிருக்கும். போட ஆசையாகவும் இருந்தது. கடைசியாக ஒரு முறை தள்ளி நின்று பார்த்தேன். ஸ்டிக்கர்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, மடிப்புக்குள் போய் மடிப்புக்கு வெளியே வந்து, உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோட்டில் இறங்கியிருந்தன. மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியின் நீளம் முழுக்க அப்படித்தான் ஒரு கோடு விழும்.

உங்களைப் பெண் பார்க்க வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. காபித் தட்டோடு வந்தீர்கள். பக்கத்து ஷெட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்று, கதவு வழியாகப் பார்த்தீர்கள். தட்டை என் அம்மா மடியருகே வைத்துவிட்டு ஓடிப்போய் மிஷினை நிறுத்தினீர்கள். "அப்பா, ஊசி உடைஞ்சிருச்சுங்க, கோடு விழுகுது" என்றீர்கள். மரியாதை தெரியாத பெண் என்று என் அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நான் சம்மதம் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பேனாவை மூடினேன். "இது ஃபால்ட் இல்லீங்க தம்பி. வேணும்னே விட்டது. ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல காத்த இப்படி வரிசையா நிறுத்தோணும்னா உலையில எத்தன உடைஞ்சிருக்கும் தெரியுங்களா? இந்தக் கோடு திருப்பூர்ல பொறந்தவீங்களுக்குத்தான் வரும்" என்றேன்.

நித்தீஷ் சிரித்தார். "அப்ப நாம ரிஜெக்ட் பண்ற பனியனெல்லாம் எடுத்துக் கண்ணாடி அலமாரில வெச்சிரலாங்களா?"

"வெச்சுப் பாருங்க. இந்த மாதிரி இருந்தா நானே பாஸ் பண்றேன்."

இப்போது உங்கள் சிற்பம் வாசலுக்கு நேராக நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். எங்கள் ஊர்ப் பெண் என்று சொல்கிறேன். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. ஸ்டிக்கர்களை வெந்நீர் தொட்டு நானே எடுத்தேன். கீழ் மடிப்பில் கொஞ்சம் பசை ஒட்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்கு நீங்கள் வருவதாகச் சொல்கிறார்கள். அன்று நான் லீவு போட்டிருக்கிறேன்.

நீங்கள் போனது சரிதான். அந்தக் கண்ணாடித் துணியின் முன்னால் நின்றுகொண்டு வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது கேட்டால், 'விட்டுவிட்டு வந்தேன்' என்று சொல்லுங்கள். அது உண்மை. எந்தப் பந்தியிலும் தலைநிமிர்ந்து அதைக் கேட்டுக்கொள்வேன்.

உலைச் சூட்டில் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் கீழே ஓர் உறவு வர வேண்டும். அண்ணன், மாமா, நண்பன், ஏதாவது ஒன்று. எனக்கு எதுவும் பொருந்தவில்லை. எங்கள் அறையில் குறை உள்ள துணிக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டுவோம். தேறிய துணி எந்தக் குறியும் இல்லாமல்தான் பெட்டிக்குள் போகும். 'இப்படிக்கு' என்பதையும் அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல், இப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன்.