தண்ணீர் கேட்காத வாட்டில்

சின்னம்மா,

இன்று ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் காட்டுப் பாதையில் காரின் கண்ணாடியை இறக்கியதும் அந்த வாசனை வந்தது. இந்த நாட்டுக் காடுகளில் தானாக வளரும் மற்ற வாட்டில் செடிகள் மஞ்சளாகப் பூப்பதற்கு முன்பே ஸ்வீட் வாட்டில் பூத்துவிட்டது. வெளிறிய நிறத்தில் சின்னச் சின்னப் பஞ்சுருண்டைகள். "இதிலை நிப்பாட்டுங்கோ அப்பா" என்றேன். நான் வாய் திறந்து ஒன்று கேட்பது அபூர்வம். அப்பா உடனே நிறுத்திவிட்டார்.

முதல் செடியை இந்தப் பாதையில் இருந்த நாற்றுக்கடையில்தான் வாங்கினீர்கள். மணல் நிலத்துச் செடி, உரம் போட வேண்டாம் என்று அட்டையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். "பச்சைப்பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கக் கூடாதாம். என்ன நாடப்பா இது!" என்றீர்கள். கோழி எரு வைத்தீர்கள். காலையில் அரிசி கழுவிய தண்ணீர், பின்னேரம் மீன் கழுவிய தண்ணீர். கறிவேப்பிலைக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்தீர்கள். இலைகள் மஞ்சளாகி, சீக்கிரமே செத்துப்போனது. பக்கத்தில் குந்தியிருந்து, "கூடக் கவனிச்சுப்போட்டன், என்ன?" என்று என்னைக் கேட்டீர்கள்.

இரண்டாவதை வேலியோரம், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன மணலில் நட்டோம். அது வேர் பிடித்ததும் தண்ணீர் வாளியை கராஜுக்குள், பழைய மெத்தைக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். "அந்தப் பக்கம் பாக்காதை பிள்ளை. பாத்தா ஊத்தச் சொல்லும்."

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட வருடம் அது. வீட்டுக்கு வருகிற அன்ரிமார் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். நான் அறைக்குள் போய்விடுவேன். "அவளை விடுங்கோ அன்ரி, அவளும் எங்கட வாட்டில் மாதிரி. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்று குசினியிலிருந்து உங்கள் குரல் வரும். நீங்கள் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பீர்கள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வராமலே போன பிறகு, அம்மா விடிந்ததும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். தங்கச்சியின் செடியாம். அடியிலைகள் மஞ்சளாக, இன்னும் கூடுதலாக ஊற்றினார். நான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அம்மாவுக்கென்று மிஞ்சியிருந்த அந்த ஒரு வேலையும் போய்விடும். நேற்றுத்தான் வாளியோடு அவர் கையைப் பிடித்தேன்.

"ஊத்தாதேங்கோ அம்மா. செத்துப்போயிடும்."

"அப்ப நான் அவளுக்கு என்னடி செய்யிறது?"

அதனால்தான் இன்று எங்களை அந்தக் காட்டுப் பாதைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

மணற்பாறைகளுக்கு நடுவே, எப்போதோ காட்டுத்தீயில் கருகிய மரங்களின் கீழே, வாட்டில் செடிகள் இடுப்பளவுக்கு நின்றன. எறும்புகள் மண்ணுக்குள் இழுத்துப்போன விதைகள் தீயின் சூடு பட்ட பிறகுதான் முளைக்குமாம். அம்மா ஒரு செடியின் அடியில் கைவைத்து அள்ளினார். காய்ந்த மணல் விரலிடுக்கால் கொட்டியது.

"இதுகளுக்கு ஒருத்தரும் ஊத்திறேல்லையே?"

"ஓம் அம்மா."

பிறகு அழுதார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் போகவில்லை. நீங்கள் என் பக்கத்தில் இருந்ததுபோல, அவர் பக்கத்தில் மணலில் இருந்தேன்.

வேலியோரச் செடி பிழைக்குமா என்று தெரியாது. வாளியை நீங்கள் ஒளித்து வைத்த அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அந்த இடம் தெரியும். இன்று பின்னேரம் கராஜ் வரைக்கும் போனவர், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.