பேர் வெட்டாத டம்ளர்

இன்று காலை தேனி பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீர்ப் பாத்திரம் எடுக்க மூன்று பேருமாகப் போயிருந்தோம். என் மனைவியும் மகளும் குத்துவிளக்குப் பக்கம் போய்விட, டம்ளர் எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பேர் வெட்டுகிற சின்ன மிஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இளவயதுக்காரர்தான். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, "என்ன பேரு வெட்டணும்ங்க?" என்று கேட்டார்.

பெற்ற மகளின் பேரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு வாய் வரவில்லை. புது எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கமும் பேர் இல்லை. டேய் கூட்டாளி, நீ போன பிறகு உன்னை நினைக்காத வாரம் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அது கடையில் வைத்தே சட்டையைப் பிடித்துவிட்டது. நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உன்னை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஆட்டோவில் மைக் கட்டி, சுருளிப்பட்டியில் கிளம்பிக் கம்பம் தெருக்களில் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டு வந்தாய். "துணி எடுக்க வாங்க தாய்மாரே! எடுக்காட்டியும் சும்மா வாங்க, உள்ள ஃபேன் ஓடுது!" கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்த நான் ஸ்டுடியோவை விட்டு வெளியே ஓடி வந்தேன். கேபிள் டிவி எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊறுகாய்க் கம்பெனி முதல் சேமியாக் கம்பெனி வரை உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் டிவியில் விளம்பரம் வர வேண்டும் என்று ஆசை. என்னிடம் கேமரா இருந்தது, சொல்லத்தான் எதுவும் இல்லை. உன்னிடம் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. அன்றைக்கே கூட்டுச் சேர்ந்துவிட்டோம். அன்றிலிருந்து என் பேரை நீ சொன்னதே இல்லை. "ஏலே கேமரா"தான்.

அந்த இஞ்சி சோடா விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? கல்யாண விருந்தில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு நீ அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பாய். ஒரு சோடா குடிப்பாய். நீ விடுகிற ஏப்பத்தில், வந்தவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்த கோம்பை நாய் அரண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கதை சுலபம். நாய்தான் சம்மதிக்கவில்லை. நீ பதினான்கு சோடா குடித்தும் அது உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தது. "கோம்பை நாயி ஏப்பத்துக்குப் பயந்துச்சுன்னு சொன்னா அந்த ஊர்க்காரக நம்மள அடிப்பாகடா," என்றாய். கடைசியில் கட்டிலுக்கு அடியில் பொறை பிஸ்கட் போட்டு எடுத்தோம். அது கேபிளில் ஓடிய பிறகு உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரைக்கும் உன்னை யாராவது பார்த்தால் ஏப்பம் விட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

வேலை இருக்கிற நாளில் மத்தியானம் என் வீட்டுக்கு வருவாய். உள்ளே கூப்பிட்டால், "காத்தாட இங்கனயே இருக்கேன்டா" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாய். அம்மா டீ கொண்டு வந்து தருவாள். குடித்து முடித்ததும் நீயே எழுந்து குழாயடியில் டம்ளரைக் கழுவி, வெளி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைப்பாய். அதைக் காட்டி அம்மா என்னைத் திட்டுவாள். "அந்தப் பிள்ளையப் பாருடா, குடிச்ச டம்ளரக் கழுவி வைக்கிறான். நீயும் இருக்கியே, எருமை!" நானும் உன்னை ஒழுக்கமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வருசம் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் போடியிலிருந்து அந்த டீத்தூள் முதலாளி வந்தார். 'மூணுமணி டீ' என்று சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். மனதில் ஓர் ஆசையோடு வந்திருந்தார். "பெரிய டிவியில பாத்தேன்யா. டீ குடிச்சுக்கிட்டே நாட்டுக்கு நல்லது சொல்றாக. நாமளும் ஏதாச்சும் சொல்லுவோம். மரம் வளர்ப்போம்னு போட்டா என்ன?"

"மரம் டீ குடிக்காது மொதலாளி," என்றாய் நீ. "டீக்கடையில நடக்குறதச் சொல்லுவோம்."

டீக்கடையில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சில ஊர்களில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரிசை கிளாஸ். உன் தெருக்காரர்கள் போல ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஓரத்தில் ஒரு வரிசை, குடித்ததும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீ எழுதிக் கொண்டுவந்த கதையில் டீயின் மணம் தாங்காமல் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கைக்கு வந்த கிளாஸை எடுத்துக் குடித்துவிடுவார்கள். டீ மாஸ்டர் தலையில் கை வைத்து, "அய்யய்யோ, கிளாஸ் மாறிப்போச்சே!" என்று அலறுவார். மொத்தக் கடையும் வாயில் டீயோடு திரும்பிச் சொல்லும்: "மாறுனா மாறட்டும், டீ ஆறிரும்ல!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு பயந்தார். "கடைக்காரக கோவிச்சுக்கிட்டா?"

"சிரிச்சுப்புட்டா அப்புறம் கோவிக்க முடியாது மொதலாளி. அதுக்குத்தான் சிரிக்க வைக்கிறது."

கம்பத்தில் எந்த டீக்கடையும் படம் பிடிக்க இடம் தரவில்லை. சரி, எங்கள் வீட்டு வாசலையே டீக்கடை ஆக்கினோம். கிளாஸுக்குப் பதிலாக அம்மாவின் டம்ளர்கள். பாய்லர் மட்டும் வாடகைக்கு வந்தது. தெருவாசிகள் எட்டுப் பேர் வாடிக்கையாளர்கள். தோளில் துண்டைப் போட்டு நீதான் மாஸ்டர். உள்ளே இருந்த டம்ளர்களை அம்மா தட்டில் வைத்துக் கொடுத்தாள். நீ போய் ஜன்னலில் இருந்ததையும் எடுத்து வந்து அவற்றோடு பெஞ்சில் வைத்தாய். மொத்தம் பன்னிரண்டு.

எங்கள் வீட்டில் கரண்டியில்கூட அப்பா பேர் வெட்டியிருக்கும். அப்பா போய்ப் பல வருசம் ஆகியும் சமையலறை முழுக்க அவர் பேர்தான். டம்ளரில் பேர் தெரிந்தால் டீக்கடை என்று யார் நம்புவார்கள்? குளோசப் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டம்ளராக எடுத்து, பேர் இருக்கிற பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவதைத் திருப்பினேன். பேர் இல்லை. இன்னொரு பக்கம் திருப்பினேன். அங்கும் இல்லை.

"ஏம்மா, இதுல பேரே இல்லையே! யாரு வீட்டு டம்ளரு மாறி வந்துருக்கு?" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினேன்.

வாசலுக்கு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நீதான் பதில் சொன்னாய், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மாறி வரலடா. அது என்னுது. ஏழு வருசமா அதுலதான குடிக்கிறேன்."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்தாய். "கேமராவுக்கு எல்லாம் தெரியும், கேமராக்காரனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. விடு. திருப்பி வைக்கிற வேலை மிச்சம். வெளிச்சம் போகுது, எடு."

எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாமல் எடுத்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவரிடம் அம்மா வாங்கிய டம்ளர் அது என்பது ஞாபகம் வந்தது. அது ஒருநாளும் சமையலறைக்குள் வந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஊர் டீக்கடையைக் கேலி செய்து படம் பிடித்துக்கொண்டிருந்த நான் ஏழு வருசமாக அதே கடையில்தான் குடியிருந்திருக்கிறேன். முகத்தை மறைக்கக் கேமரா இருந்தது நல்லதாகப் போயிற்று.

படப்பிடிப்பு முடிந்ததும் பன்னிரண்டு டம்ளரும் பெஞ்சில் கலந்து கிடந்தன. அன்றைக்கு நீ எதையும் கழுவவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்டா" என்று சைக்கிளை எடுத்துப் போய்விட்டாய்.

பிறகு ஒரு மாதம் நீ என் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்தாய், குரல் கொடுத்தாய், வழக்கம்போல என்னைக் கிண்டல் செய்தாய். வீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் "வேலை கிடக்குடா". மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன், லைட் பற்றியும் டேப் பற்றியும் ஏதாவது பேசி மூடிக்கொள்வேன். சொன்னால் நீ போய்விடுவாயோ என்று பயம். சொல்லாவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருந்தாய்.

விளம்பரம் வீரபாண்டித் திருவிழா சமயத்தில் கேபிளில் ஓடியது. அதனால் பள்ளத்தாக்கே திருந்திவிட்டது என்று எழுதினால் நீயே எழுந்து வந்து உதைப்பாய். இரண்டு கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு மூணுமணி டீயை நிறுத்தினார்கள். முதலாளி அசையவில்லை, அந்த மட்டில் பெரிய மனுசன். ஒரே ஒரு கடையில் ஓரத்து வரிசையைக் காணோம் என்று வந்து சொன்னார்கள். ஆனால் அந்த வசனம் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. கோயில் வாசலில் செருப்பு மாறினாலும், பஸ்ஸில் சீட்டு மாறினாலும், "மாறுனா மாறட்டும், டீ ஆறிரும்ல!" தான்.

எங்கள் வீட்டில் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு, "அந்தப் பிள்ளை ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "வந்தா எதுல டீ குடுப்ப?" என்றேன். என்மேல் வர வேண்டிய கோபத்தை அவள்மேல் இறக்கிவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள், கையில் தூக்குச்சட்டியோடு. அதற்கு முன் அவள் அங்கே வந்ததே கிடையாது. நீ எழுந்து நின்றாய். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு டம்ளரை எடுத்து மேசையில் வைத்து டீ ஊற்றினாள். அப்பா பேர் வெட்டிய டம்ளரை உன் பக்கம் நகர்த்தினாள். பேர் இல்லாததைத் தான் எடுத்துக்கொண்டாள். வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதை வாயில் வைத்துக் குடித்தாள்.

"நான் செஞ்சது தப்புத்தான்யா," என்றாள். நீ டம்ளரைத் தொடாமல் நின்றாய். அவள் அதை இன்னும் கொஞ்சம் உன் பக்கம் நகர்த்தினாள். "குடிய்யா. ஆறிரும்ல."

உனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அழுதுவிட்டாய். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் அழுது அன்றுதான் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா சொல்லிவிட்டாள். நான் அப்போதும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கும் கொஞ்ச நாள் கழித்துப் பெரிய யோசனைக்காரன் மாதிரி, "அந்த டம்ளர்ல உன் பேர வெட்டிரலாமாடா?" என்று கேட்டேன். நீ என்னைப் பாவமாகப் பார்த்தாய். "என் பேர வெட்டுனா மறுபடியும் அது என் டம்ளராத்தான இருக்கும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். எவன் கைக்குக் கெடைக்குதோ அவன் குடிக்கட்டும்." அந்த வாரமே என்னைச் சுருளிப்பட்டிக்குக் கூட்டிப் போனாய். ஏழு வருசப் பழக்கத்தில் உன் வீட்டுப் படியை நான் மிதித்தது அன்றுதான். உன் மனைவி உன் பேர் வெட்டிய டம்ளரில் எனக்கு டீ கொடுத்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். சின்னமனூரில் ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொண்டிருந்த நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கடைசி வரை அந்தப் பேர் இல்லாத டம்ளரில்தான் குடித்தாள். அவளுக்குப் பிறகு இப்போது நான் குடிக்கிறேன்.

கடையில் எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கடைக்காரர் மறுபடியும் கேட்டார். "சார், பேரு?"

"பேரு வேண்டாம்ங்க," என்றேன்.

"வெட்டலேன்னா கல்யாண வீட்டுல மாறிப்போகுமே சார்?"

"மாறுனா மாறட்டும்," என்றேன். தானாக வந்துவிட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பேனாவைக் காதில் திரும்பச் செருகிக்கொண்டு, விளம்பரத்தில் வந்த மாதிரியே இழுத்து, "டீ ஆறிரும்ல!" என்றார். மிஷின்காரரும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்க கேபிள்ல ஓடுச்சு சார், சின்ன வயசுல. அந்த டீ மாஸ்டரா வந்தவுக யாரு சார், தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெரியும்," என்றேன். "எங்க வீட்டு ஆளு."

அதை அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. மன்னிச்சுக்கடா. நான் வாயத் திறக்குறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.