ஆற்றில் போட்ட ஐலசா

கல்லூரி விடுதி, சிதம்பரம்
ஆகஸ்ட் 2008

அப்பா,

குடகில் ஆற்றுப் பாதுகாப்பு முகாம் என்றுதான் உங்களிடம் சொன்னேன். சனிக்கிழமை பாடம்தான். ஆறு கெட்டால் முகத்துவாரத்தில் மீன் அண்டாதாம். ஞாயிறன்று ரப்பர் படகில் ஏற்றுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டீர்கள்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்துப் பாய்ந்தது. ஆளுக்கொரு பக்கம் துடுப்பு போட, படகு சுழன்றது. நீங்களும் அண்ணனும் படகு தள்ளும்போது போட்ட ‘ஐலசா’ என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் திருப்பிக் கத்தினார்கள். துடுப்புகள் ஒன்றாக விழுந்தன. மற்ற இரண்டு படகும் கவிழ்ந்து, அவற்றில் இருந்தவர்கள் மிதவைச் சட்டையோடு மிதந்து வந்தார்கள். எங்களில் ஒருத்திகூட விழவில்லை!

“எங்கடி கத்துக்கின?” என்றாள் பெண்ணாடத்துத் தோழி.

“எங்க வூட்ல” என்றேன்.

அலை அண்ணனைக் கொண்டுபோன டிசம்பரிலிருந்து கவிழ்ந்தே கிடக்கும் நம் படகை நிமிர்த்தி வையுங்கள். வரும் ஞாயிறு கடலூர் வருகிறேன். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருகிறேன்.

உங்கள் மகள்