நல்ல கையைக் கட்டிய டொக்டர்

மார்ச் 12, செவ்வாய். கொட்டாஞ்சேனை.

பக்கவாதத்தில் என் வலது கை விழுந்தது; விரல்கள் கொஞ்சம்தான் அசையும். வயதுபோன காலத்தில் எழுதப் பழகிய எழுத்தும் அதோடு போயிற்று. அந்தக் கையைக் காட்டப் போனால், புனர்வாழ்வு மருத்துவர் என் இடது கைக்கு உறை போட்டுக் கட்டிவிட்டார். கை மாறிக் கட்டிவிட்டாரென்று திகைத்துப்போனேன்.

"ஐயோ டொக்டர், அது நல்ல கை!" மனைவி பிலோமினா கத்தினாள்.

"ஓம் அன்ரி, அதாலதான் கட்டினனான். அது எல்லாத்தையும் செய்தா மற்றது ஏன் அசையப்போகுது? நீங்களும் அவருக்குச் சோறு தீத்தக்கூடாது, அவரே அள்ளிச் சாப்பிடட்டும்."

துறைமுகத்தில் என்னோடு மூட்டை பிடித்த சிலரும் இப்படித்தான்: மற்றவன் தூக்கினால் தாங்கள் சும்மா நிற்பார்கள்.

இரவுச் சோறு பாதி மடியில் கொட்டியது. பிலோமினா அழுதாள். நான் பேனையைத் தேடினேன்.

இடது கை இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. இவ்வளவையும் வலது கைதான் எழுதியது. கோணல்தான். ஆனால் வாசிக்க முடிகிறது.