கை கொடுக்காமல் போன அக்கா

ஹாரிஸ்பர்க்
6 பிப்ரவரி 1984

அன்புள்ள ஏமஸுக்கு,

அக்கா எழுதுவது. பசுக்கள் நலமா? நீ நலமா என்று இப்போதைக்குக் கேட்கப் போவதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

நாலு வருடமாக இந்த மசோதாவுக்காக நான் இந்த மாநிலத் தலைநகரில் ஏறாத படியில்லை. குண்டு உறை செய்கிற தொழிற்சாலை, உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ரசாயனத்தைப் பள்ளம் தோண்டிக் கொட்டியது. அது நம் கிணறுகளில் இறங்கியது. பள்ளங்களைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை தொழிற்சாலையை மூடு என்கிறது மசோதா. மார்ச் இருபதாம் தேதி செனட் குழுவின் முன் நான் பேச வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் கிறிஸ்தவச் சபை, நம் குவேக்கர் கூட்டமே, இதன் பின்னால் நிற்கிறது என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நேற்றுக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நீ எழுந்தாய். "எனக்கு மனசு ஒப்பல" என்றாய். உட்கார்ந்துவிட்டாய். வேறு எந்தச் சபையாக இருந்தாலும் கையைத் தூக்கச் சொல்லி எண்ணியிருப்பார்கள். நம்மிடம் ஓட்டுக் கிடையாது, ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் முடிவு கிடையாது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று கூட்டத்தை நடத்தும் எழுத்தர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

அதுவும் நீ! உன் கிணற்றை விடக் கெட்ட கிணறு அந்தப் பள்ளத்தாக்கிலேயே இல்லை. உனக்கு என்னதான் வந்தது?

இப்படிக்கு,
லோயிஸ்


இரண்டாம் மாதம், 14

அன்பு அக்காவுக்கு,

பசுக்கள் நலம். நீ கேட்காவிட்டாலும் நானும் நலம்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துவிட்டு எழுவது நம் வழக்கம். நீ முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாய். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு வாராவாரம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது ஜோ ஹுடாக். பக்கத்துத் தோட்டத்துக்காரன், வேலை அந்தத் தொழிற்சாலையில். மூடினால் அவனும் அவனைப் போன்ற முன்னூறு பேரும் தெருவில். போன மாதம் தொட்டியை நிரப்பிக்கொண்டே சொன்னான்: "உங்க ஆளுங்களுக்குச் சண்டை, குண்டு எதுவும் பிடிக்காது. சரி. எம் புள்ளைங்களுக்குச் சோறு பிடிக்குமே, அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

உன் மசோதாவை எடுத்துத் திரும்பப் படித்தேன். அவன் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. மூடியிருக்கும் காலத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு, சுத்தம் செய்யும் வேலையும் அவர்களுக்கே என்று ஒரு பிரிவு சேர். நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் தம்பி,
ஏமஸ்


ஹாரிஸ்பர்க்
20 பிப்ரவரி 1984

அன்புள்ள ஏமஸுக்கு,

மாதத்துக்குப் பெயர் இருக்கிறது, தெரியுமா? பழைய குவேக்கர்களே விட்டுவிட்டார்கள். நீதான் இன்னும் இரண்டாம் மாதம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

பிரிவு சேர்ப்பது லேசா? குழுத் தலைவர் செனட்டர் ரைன்ஹார்ட் செலவு என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறவர். போன வியாழக்கிழமை அவர் அறைக்குப் போனேன். பேசும் முன் நம் வழக்கப்படி ஒரு நிமிடம் மௌனமாக இருக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். மனிதர் பயந்துவிட்டார். "அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சு, தண்ணி, தண்ணி" என்று கத்தினார். பாட்டில் வந்தது. "குழாய்த் தண்ணி போதுமே" என்றேன். "நம்ம தொகுதித் தண்ணி குடிச்சுப் பயந்து, இங்கயும் குழாயத் தொடறதில்லீங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, காது வரை சிவந்துபோனார். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டது, தம்பி. புதிதாக ஒரு பிரிவைக் கட்டி ஏற்றினால் வண்டி குடை சாய்ந்துவிடும். நாலாம் தேதிக் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. நீ தயவுசெய்து வாயைத் திறக்காமல் இரு.

லோயிஸ்


மூன்றாம் மாதம், 5

அன்பு அக்காவுக்கு,

திறந்துவிட்டேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் என்னோடு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். அப்புறமும் மனது ஒப்பவில்லை. நீ உன் பெயரில் பேசலாம், கூட்டத்தின் பெயரில் முடியாது என்று எழுத்தர் சொல்லச் சொன்னார்.

இதோடு ஒரு ஜாடி ஆப்பிள் ஜாம் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

ஏமஸ்


ஹாரிஸ்பர்க்
20 மார்ச் 1984, மாலை

ஏமஸ், பாவி, உன்னால் ஜெயித்தோம்!

முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். குழு மசோதாவை ஏற்றுவிட்டது. உன் பிரிவோடு!

கேள். காலையில் உள்ளே போனால் பின் வரிசைகள் முழுக்கத் தொழிற்சாலை ஆட்கள். என்னைக் கூச்சல் போட்டு உட்கார வைக்க வந்தவர்கள். நடுவில் உன் ஹுடாக், தொப்பியைக்கூடக் கழற்றாமல். சத்தியம் செய்யச் சொல்லிப் பைபிளை நீட்டினார்கள். நாங்கள் சத்தியம் செய்வதில்லை, செய்தாலும் செய்யாவிட்டாலும் உண்மையைத்தான் பேச வேண்டும் என்றேன். ரைன்ஹார்ட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"எப்பவும் உண்மைதானா? ரொம்ப சந்தோஷம். அப்ப இதைச் சொல்லுங்க. உங்க ஊர்க் கூட்டம் இதுக்குச் சம்மதமா?"

'பெரும்பாலும்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பொய்யும் இல்லை. ஆனால் நம்மிடம் பெரும்பாலும் என்று ஒன்று கிடையாதே! விழுங்கிவிட்டேன்.

"இல்லீங்க. ஒருத்தருக்கு ஒப்பல. அப்படின்னா எங்க கூட்டத்துக்கே ஒப்பலன்னுதான் அர்த்தம்."

"யாரு அந்த ஒருத்தர்?"

"என்கூடப் பொறந்த தம்பி."

கூடமே சிரித்தது. நாலு வருட உழைப்பு என் கண்ணெதிரே மண்ணாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். உன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"சொந்த வீட்லயே எடுபடலயே! தம்பியோட கிணறு நல்லா இருக்குபோல" என்றார் ரைன்ஹார்ட்.

"அந்தப் பள்ளத்தாக்குலயே கெட்ட கிணறு அவனோடதுங்க. ரெண்டு கன்னுக்குட்டி செத்துப்போச்சு."

சிரிப்பு நின்றது. "பின்ன ஏன் வேணாங்கறாரு?" என்று கேட்டார். இந்த முறை ஏளனம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சொன்னேன். உன் கடிதத்தில் இருந்த ஒவ்வொன்றையும் சொன்னேன். சோறு பிடிக்குமே என்ற அந்தப் பேச்சையும். சொல்லச் சொல்ல என் குரலே மாறிப்போனது, ஏமஸ். என் எதிரியின் வழக்கை நான் வாதாடுகிறேன், அது என் வழக்கைவிட நன்றாக இருக்கிறது!

பின்னாலிருந்து ஹுடாக் எழுந்தான். தொப்பி கையில் இருந்தது.

"அது நான் சொன்ன வார்த்தைங்க. இந்தம்மாவைத் திட்டத்தான் பஸ் பிடிச்சு வந்தோம். அவங்க தம்பி கேக்கறதைச் சேருங்க, பள்ளத்தை நாங்களே தோண்டிச் சுத்தம் பண்றோம். எங்க புள்ளைங்களும் அந்த ஊர்லதானே வளருது."

அத்தனையும் ரைன்ஹார்ட்டின் தொகுதி ஓட்டுகள். அவர் அந்த வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார். உடனே பேனாவைக் கேட்டார். மத்தியானத்துக்குள் பிரிவு சேர்ந்துவிட்டது. அவர்கள் வழக்கப்படி கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஹுடாக் பக்கத்தில் உட்கார்ந்து பாதி சாண்ட்விச் கொடுத்தான். உன் ஜாம் ஜாடியை இப்போதுதான் திறந்தேன்.

உன் அக்கா


நான்காம் மாதம், 1

அன்பு அக்காவுக்கு,

இன்று கூட்டத்தில் மசோதா திரும்ப வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எழுந்தேன். பாதிப் பேருக்குப் பகீரென்றது. "எனக்கு மனசு ஒப்புது. ரொம்பவே ஒப்புது" என்று சொல்லி உட்கார்ந்தேன். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹுடாக்கும் வந்திருந்தான். மௌன வழிபாட்டில் ஒரு மணி நேரம் யாரும் பேசாததைப் பார்த்துவிட்டு, "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று என் காதில் கேட்டான்.

பெஞ்சில் உன் இடம் காலியாகவே இருக்கிறது. நான் நகர்ந்து உட்காரவில்லை.

ஏமஸ்


ஹாரிஸ்பர்க்
29 மே 1984

என் அருமைத் தம்பி ஏமஸுக்கு,

இரண்டு அவைகளிலும் நிறைவேறிய மசோதாவில் கவர்னர் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டார். சட்டம்! இனி அது மசோதா இல்லை. ஹுடாக்கிடம் நீயே போய்ச் சொல், அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அப்படியே சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதலாவது பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் செய்யத் தொடங்குகிறார்கள்.

செய்தித்தாள்காரர் ஒருவர் இந்த வெற்றி யாருடையது என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவன் ஒப்பவில்லை என்று இரண்டு முறை எழுந்து நின்றான், அவனுடையது என்றேன். பெயர் கேட்டார். சொன்னால் நீ தொழுவத்தில் போய் ஒளிந்துகொள்வாய் என்பதால் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். கூட்டம் முடிகிறபோது கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இருக்காதே.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அக்கா