மைத்துனனின் கை நடுக்கம்

கோவில்பட்டி
22-10-1985, இரவு

மகனின் கல்லீரலில் செம்பு தேங்கியிருப்பதை மதுரை மருத்துவர் இன்று உறுதி செய்தார். உணவில் வரும் செம்பில் மிஞ்சியதை உயிரணு வெளியேற்றிவிட வேண்டும். அதன் சவ்வில் அப்பணியைச் செய்யும் ஏதோ ஒரு புரதம் பழுதுபட்டிருக்கக்கூடும் என்றார். அது எதுவென இன்னும் எவரும் கண்டறியவில்லையாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய் தோன்றுமாம்.

"சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார்.

அத்தை மகளை மணந்தவன் நான். என் மகளைத் தைத் திங்களில் அவள் தாய்மாமனுக்கே கொடுப்பதாக உறுதி கூறியவனும் நான்.

வீடு திரும்பியபோது அந்த மைத்துனன் விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தான். காப்பியை வாங்கிய கை நடுங்கியது. பாதி வேட்டியில் சிந்திற்று.

"பஸ்ஸு குலுக்குன குலுக்கு இன்னும் நிக்கல, அத்தான்" என்றான்.

"ஏலே, காப்பிக்கே கை இப்படி நடுங்குதே, தாலி கட்டும்போது என்னலே செய்வ?" என்று என் மனைவி சிரித்தாள்.

மகனுக்கும் முதலில் கைதான் நடுங்கியது. பேச்சுக் குழறியது பிறகுதான்.

நாளை அவனையும் மதுரைக்கு அழைத்துச் சென்று சோதிக்கச் செய்ய வேண்டும். பேருந்தின் குலுக்கமாகவே இருக்கலாம். அவனுக்கு நோய் இல்லையென்றாலும், அந்தப் பழுது அவனிடமும் என் மகளிடமும் மறைந்திருந்தால் இந்தத் திருமணம் நடக்கலாமா? இதை இன்று மருத்துவரிடம் கேட்க அஞ்சி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த அறையில் அவன் என் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவள் சிரிக்கிறாள். அவன் சொற்கள் குழறுகின்றனவா என்றே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.