சிவராத்திரிக்கு அடுத்த பகல்

மாசி 14, செவ்வாய்
காலையில் பனி. பூசணிக் கொடியில் இரண்டு பிஞ்சு. முற்றம் மெழுகியாயிற்று. இன்று சிவராத்திரி.

அண்ணை விடியத்தான் வவுனியாவிலிருந்து வந்தார். சுன்னாகத்து வெங்காய முதலாளியின் லொறி. இரவு முழுக்க ஓட்டம். கண் இரண்டும் சிவந்து செவ்வரத்தம்பூ. கொஞ்சம் படுத்தார். அதற்குள் லொறி கழுவக் கூப்பிட்டார்கள்.

"லைசென்ஸ் கிடைச்சால் நாலு சாமமும் முழிப்பாய் எண்டு நேர்ந்தனான். இண்டைக்கு நித்திரை இல்லை, தம்பி" என்றார் அம்மா.

"சிவபெருமான் மாட்டிலை போறவர். லொறி ஓடிப் பாத்தால் தெரியும்."

அம்மா காதைப் பொத்தினார். எனக்குச் சிரிப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாசி 15, புதன்
நாலு சாமமும் முழித்து, கோயிலால் வந்து முழுகி, பாரணை. பயற்றங்காய்க் கறி, உப்புக் குறைவு. அண்ணை பலகையில் இருந்தபடியே சாய்ந்தார், வாயில் சோறு. அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"பொழுது படுமட்டும் கண் மூடக்கூடாது. முழிச்ச பலன் போயிடும்."

"கொஞ்சம் படுக்கட்டுமேயம்மா" என்றேன், மெதுவாக.

"நீ சும்மா இரு பிள்ளை."

வாசல் படலையில் முதலாளி. நான் உள்ளே.

"வெங்காயம் அழுகப் போகுது. முழிச்சுத்தானே இருக்கிறாய், லொறியை எடு."

அண்ணை எழும்பினார். நித்திரை முறிய, வெற்றிலைக்குள் புகையிலை கூடுதலாக வைத்து மடித்துக் கொடுத்தேன்.

பின்னேரம்
மாமா சைக்கிளில் வந்தார். நாவற்குழிப் பக்கம் லொறி தெருவை விட்டு இறங்கி, தலையில் மீன் கடகத்தோடு போன பெண்ணின் மேல் ஏறிவிட்டது. குருநகராள். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாம். அண்ணைக்கு நெற்றியில் காயம் மட்டும். பொலிசில்.

"விரதந்தான் என்ரை பிள்ளையைக் காப்பாத்தினது" என்று அம்மா கும்பிட்டார்.

அந்தப் பெண்ணை? கேட்க வாய் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

மாசி 18, சனி
அண்ணை பிணையில். சோறு வேண்டாம் என்றார். முதலாளி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அவள் குறுக்கை பாய்ஞ்சவள் எண்டு சொல்லு. பாத்தது ஆர்? நித்திரை எண்டு வாய் திறந்தியோ, கம்பிக்குப் பின்னாலை மறியல்தான்."

"ஓம் தம்பி, ஐயா சொல்லுறபடி செய்" என்றார் அம்மா.

பிறகு அண்ணை அடுப்படிக்கு வந்தார்.

"ஒரு புளியமரம் கண்டனான். அடுத்தது அவளின்ரை கடகம். நடுவிலை ஒண்டும் இல்லை. அவள் ஓரத்தாலைதான் போனவள், தங்கச்சி. நீ என்ன சொல்லுறாய்?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை. தேங்காய் திருவியபடியே சொன்னேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ, அண்ணை."

அம்மா கேட்டுவிட்டார். அகப்பைக் காம்பால் முதுகில் ஒன்று. இன்னும் நோகிறது.

பங்குனி 9
வழக்கு முடிந்தது. மாமாதான் வந்து சொன்னார். நீதவான் கேட்க முதலே, "நான் நித்திரையாப் போனனான், ஐயா. அவளிலை பிழையில்லை" என்றாராம். ஆறு மாதம் மறியல்.

அவள் பெயர் மதலேனாள். வழக்கில் வாசித்தார்களாம்.

அம்மா என்னோடு கதைக்கவில்லை.

பங்குனி 10
வெயில். கீரைக்குத் தண்ணீர். மதியம் லொறிச் சத்தம், படலையால் எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் நெளிவு எடுத்து, புதுப் பூச்சு. புது டிறைவர். இரவு முழுக்க ஓடி, விடியத்தான் வவுனியாவிலிருந்து வந்தவராம்.